ஒரு ஆளுக்கான ஓட்டல்

கல்யாணமானதும் மகிழினியின் பெயரைப் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அட்டையில் பெயர் இல்லாதவருக்குச் சமைக்க உணவக உரிமம் வேண்டும். இல்லையென்றால், அவர் வீட்டில் இருக்கும்வரை அடுப்பு பற்றாது. அதன்பின் வந்த இரண்டு தீபாவளிக்கும் அவள் கடையில் வாங்கிய பன்னைத் தின்றுவிட்டுத்தான் திரும்பிப் போனாள்.

அம்மா சௌமியா உரிமத்துக்கு விண்ணப்பித்தாள். சுகாதார ஆய்வாளர் வந்து அடுக்களையைச் சோதித்தார்.

“ஒரு ஆளுக்காகவாம்மா ஓட்டல்?”

“எம் மக பத்தாளு சாப்பாடு சாப்பிடுவா சார்.”

அவர் சிரித்துக்கொண்டே உரிமத்தைச் சுவரில் ஒட்டினார். “சாப்பிட வர்றவங்க அடுக்களைக்குள்ள வரக் கூடாது. சாப்பிட்டு முடிச்சதும் கிளம்பிரணும். இல்லன்னா ரத்தாயிரும், பாத்துக்கோங்க.”

ஞாயிற்றுக்கிழமை மகிழினி வந்தாள். முன்பெல்லாம் அடுப்பு மேடையிலேயே ஏறி உட்கார்ந்து தின்பவள், இப்போது கூடத்தில் தட்டோடு உட்கார்ந்தாள். முதல் தோசையைப் பிட்டு வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்னடி, உப்பு இல்லையா?”

“எல்லாம் இருக்கும்மா.”

அடுக்களையிலிருந்தும் கூடத்திலிருந்தும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாவது தோசையில் மகிழினிக்கு வயிறு முட்டிவிட்டது.

“போதுமாடி?” சௌமியாவின் குரல் இறங்கியிருந்தது.

“இன்னும் ஒண்ணு போடும்மா.”

சௌமியா அரைக் கரண்டி மாவை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றினாள்.