உள்ளே விட்ட துணி

ஒரு மாத்திரையின் பேரைச் சொல்வதால் என்ன குறைந்துவிடப் போகிறது என்பதுதான் புவனாவின் ஆத்திரம்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவள் வீட்டுக்கு எதிர்வீடு சித்திகாவுடையது. சித்திகாவின் மகள் யுஸ்ராவுக்கும் புவனாவின் மகன் அருண்குமாருக்கும் ஒரே வயது, இரண்டரை. யுஸ்ராவின் கன்னம் உப்பின பன். அருண்குமாருக்கோ விலா எலும்பை எண்ணிவிடலாம். "எதிர்ல அந்தப் புள்ளயப் பாரு, எப்புடி வளத்தறா" என்று தெருவே புவனாவுக்குப் புத்தி சொன்னது. சித்திகா மகளை இடுப்பை விட்டு இறக்கவும் மாட்டாள். அத்தனை செல்லம்.

ஒருநாள் காலையில் சித்திகா ஒரு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டுவதைப் பார்த்துவிட்டாள் புவனா.

"சத்து மாத்திரைங்களா அம்மணி?"

சித்திகா கரண்டியை முந்தானைக்குள் மறைத்தாள். "டாக்டர் குடுத்ததுங்க அக்கா."

"பேரென்னங்க? நம்ம பையனுக்கும் வாங்கலாம்னுதான்."

"பேரு... மறந்துபோச்சுங்க."

தினமும் ஊட்டுகிறவளுக்குப் பேர் மறக்குமா? கல்லில்கூட நார் உரித்துவிடலாம், இவள் வாயிலிருந்து ஒரு பேர் வராது போலிருக்கிறது.

புவனா சும்மா விடவில்லை. சித்திகா குப்பை கொட்டிவிட்டுப் போனதும் போய்க் கிளறினாள். வெற்று மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. பேர் இருந்த இடம் மட்டும் சுத்தமாகச் சுரண்டியிருந்தது. வெட்கத்தைப் பார்க்காமல் அதையும் மருந்துக்கடைக்குக் கொண்டுபோனாள்.

"இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார் கடைக்காரர். "பேரை மட்டும் கேட்டுட்டு வாங்க. டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம், எடுத்துக் குடுத்தர்றேன்."

யுஸ்ராவுக்கு ரம்ஜான் கவுன் தைத்துக் கொடுத்ததும் புவனாதான். தையல் அவளுக்குத் தொழில். கோபம் வேறு, தொழில் வேறு. பண்டிகை முடிந்த ஒரே மாதத்தில் அந்தக் கவுனோடு வந்து நின்றாள் சித்திகா.

"லூசாப் போச்சுங்க அக்கா. கொஞ்சம் புடிச்சுக் குடுங்க."

புவனா அரை இஞ்சு பிடித்துக் கொடுத்தாள். இருபது நாளில் மறுபடி வந்தாள். இன்னொரு அரை இஞ்சு. பன் கன்னம் வற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் புவனாவுக்கு உள்ளுக்குள் லேசாக ஒரு சந்தோஷம்.

"மாத்திரைய நிறுத்தீட்டீங்களா?"

"கொறைச்சுட்டு வாரோமுங்க. முழுசு பாதியாச்சு, இப்பக் காலு."

பெற்ற பிள்ளையிடமே கஞ்சத்தனமா என்று நினைத்துக்கொண்டாள் புவனா.

மூன்றாம் தடவை வந்தபோது சித்திகா மகளைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள்.

"உள்ள துணி விட்டுத்தான் புடிச்சிருக்கேன் அம்மணி. மறுபடி சதை வெச்சா பிரிச்சுக்கலாம்."

"வேண்டாமுங்க அக்கா. அந்தத் துணிய வெட்டீருங்க."

புவனா கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டாள். "என்னங்க பேசறீங்க? பெத்த புள்ள சதை வெக்கக்கூடாதுன்னு எந்தத் தாய் சொல்லுவா? எம் பையனுக்குத்தான் பேரைச் சொல்லலை. உங்க புள்ளையுமா வாடணும்?"

சித்திகா குனிந்து மகளின் முழங்காலைத் தடவினாள்.

"அது சதை இல்லீங்க அக்கா, மாத்திரை ஊத வெச்ச ஒடம்பு. இவளுக்கு மூட்டு வாதமுங்க. ஒன்றரை வயசுல வந்துச்சு. காத்தால எந்திரிச்சா முட்டி வீங்கிக் கெடக்கும், காலை ஊன மாட்டா, ஒரே அழுகை. அந்த மாத்திரைதான் வலிய அடக்குச்சு. ஆனா ரொம்ப நாள் குடுத்தா வளத்தி நின்னுரும், எலும்புல பலம் போயிரும்னாங்க. திடுக்குனு நிறுத்தவும் கூடாதாம். வாரத்துக்கு ஒருக்கா வேற மருந்து குடுத்துப்போட்டு, இதைக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கறோமுங்க. மறுபடியும் இவ ஊதுனா, நோவு திரும்பி வந்து அந்த மாத்திரைக்கே போய்ட்டோம்னு அர்த்தமுங்க."

அந்தக் கன்னம் வற்றியதற்குத் தான் சந்தோஷப்பட்டதை நினைத்துப் புவனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கத்தரிக்கோலை எடுத்து, உள்ளே விட்டிருந்த துணியை ஒட்ட வெட்டினாள். வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"இதை அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"பொட்டப்புள்ளைங்க. மூட்டு நோவுக்காரின்னு ஊரு பேசுனா நாளைக்கு இவளை யாரு கட்டுவாங்க? நோவைச் சொல்ல எனக்குத் தைரியம் வரலீங்க அக்கா."

"சரிங்க. மாத்திரை பேரையாவது சொல்லியிருக்கலாம். அதைப் போய்ச் சுரண்டி எறிஞ்சீங்களே."

தறிகெட்டு ஓடி விளையாடிக்கொண்டிருந்த அருண்குமாரைச் சித்திகா பார்த்தாள்.

"பேரைச் சொன்னாக் கடையில சீட்டுக் கேக்காமக் குடுத்துருவாங்கல்லீங்க அக்கா. நல்லா ஓடியாடற புள்ளைக்கு நீங்க அதை வாங்கிக் குடுத்திருப்பீங்களே."