ஆறு துண்டு வார்த்தை

"கையைத் தாடைக்குக் கீழ வைங்க, மிஸ்டர் ஹால்வர்சன். வார்த்தையோட ஒவ்வொரு துண்டுக்கும் தாடை ஒரு தடவை இறங்கும்" என்றாள் ஆசிரியை மேவிஸ்.

அயோவாவின் அந்தச் சிற்றூரில் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரியான ஹால்வர்சன், ஒன்றாம் வகுப்புக் குட்டி நாற்காலியில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்திருந்தார். போன கூட்டத்தில் ஒரு நீள வார்த்தையில் அவர் தடுக்கி விழ, பெற்றோர்கள் வாய்விட்டுச் சிரித்திருந்தார்கள்.

"ரீ-ஆர்-க... ரீ-ஆர்-க..."

"னை-சே-ஷன். மொத்தம் ஆறு. அஞ்சாவதை அழுத்துங்க. ஏன், இதையே சின்னதாச் சொல்லிடலாமே?"

"சின்னதாச் சொன்னா எவன் மதிப்பான்?"

மேவிஸ் தயங்கினாள். "நான் ஓய்வு பெற இன்னும் ரெண்டே வருஷம். அதுவரைக்கும் இந்த வகுப்பு எனக்குத்தானே?"

"முதல்ல இது வாய்ல நுழையட்டும், மேவிஸ்."

வகுப்பு கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்று, முகம் சுளிக்காமல் நாற்பது தடவை சொல்லிக்கொடுத்தாள்.

மாலைக் கூட்டத்தில் முன்வரிசையில் இடம் பிடித்தாள்.

"நம் பள்ளிகளின் ரீஆர்கனைசேஷனை முன்னிட்டு..."

வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. பழக்கதோஷத்தில் அவள் கை தன் தாடைக்குக் கீழே போயிருந்தது. ஆறும் சரி. ஒரு முணுமுணுப்புகூட எழவில்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

"...வேலையிலிருந்து விடுவிக்கப்படும் ஆசிரியை..."

ஹால்வர்சன் காகிதத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மே..." என்றார். தண்ணீர் குடித்தார். "மே..."

பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

மேவிஸ் கையைத் தாடையிலிருந்து எடுத்தாள்.

"விஸ்" என்று எடுத்துக்கொடுத்தாள். "ரெண்டே துண்டுதான், மிஸ்டர் ஹால்வர்சன்."