கோணல் கொம்பு

"அந்தப் படத்தை இப்பவே அழிக்கிறீங்களா, இல்ல நான் போனைத் தூக்கி டீ கொதிக்கிற சமாவருக்குள்ள போடட்டுமா?"

மாவுக் கையோடு நின்று கத்தினாள் ராபிகா. மதியம் தராஸ் நகரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அவள் கணவர் மெல்ஸோ, சுடச்சுடப் பொரித்த பவுர்சாக் மாவுருண்டை ஒன்றை ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு இதுதான் உத்தியோகம். தினம் ஒரு பொருள், தினம் ஒரு படம். காலண்டரில் உள்ள ஒரு தினத்தையும் விடமாட்டார். வேதியியலாளர் தினத்துக்குச் சமையல் சோடா டப்பா. எல்லைக் காவலர் தினத்துக்குப் பக்கத்து வீட்டு நாய். வானிலை ஆய்வாளர் தினத்துக்கு ராபிகாவின் கிழிந்த குடை. நாலு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. இணையத்தில் இதையும் பார்க்க முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வேலையில்லாத பழைய சிக்னல்காரர்கள்.

"எந்தப் படத்தைச் சொல்ற?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அந்த வெல்வெட் அங்கி!"

இன்று சம்பந்திக்குப் போர்த்த அவள் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த அங்கி அது. அவள் அண்ணனின் அறுபதாம் பிறந்தநாள் விருந்தில் இவர்களுக்கு வந்தது. அண்ணனுக்கு அது வேறு எந்த விருந்திலோ வந்தது. சீராக வரும் அங்கியை அங்கே யாரும் உடுத்துவதில்லை, அடுத்த வீட்டுக்குத் தள்ளுவதோடு சரி. தான் ஓட்டிய சரக்கு ரயில்களைவிட அந்த அங்கி அதிக ஊர் பார்த்திருக்கும் என்பார் மெல்ஸ்.

"அதுல படம் எடுக்க அப்படி என்ன இருக்கு?"

"கழுத்துப் பட்டையில நூலால இருபது ஆட்டுக்கொம்பு தைச்சிருக்கு, ராபிகா. பத்தொன்பது வெளிய சுருளுது. ஒண்ணு மட்டும் உள்ள சுருளுது. தையலெல்லாம் வேற இடப்பக்கமா சாய்ஞ்சிருக்கு. தைச்சவங்க இடக்கைக்காரங்களாத்தான் இருக்கணும். அதான் போன மாசம் இடக்கையர் தினத்துக்குப் போட்டேன்."

"கூடவே, மச்சான் வீட்டு விருந்தில வந்ததுன்னும் எழுதி வெச்சிருக்கீங்களே! யாரோ குடுத்ததை நம்ம தலையில கட்டுறாங்கன்னு சம்பந்தி நினைச்சா? ரெண்டு வருஷமா ரயில்வேக்காரன் வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்னு முறுக்கிக்கிட்டிருந்த மனுஷன். எத்தனை தர்கா ஏறி இறங்கினேன்! போன மாசம்தான் மனசு இறங்கியிருக்கார். நீங்க கெடுத்துராதீங்க."

கதவோரம் மகள் மோல்திர் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது. மெல்ஸ் அவளைப் பார்த்தார். படத்தை அழித்தார். நாலு வருட வரிசையில் ஒரு பல் விழுந்துவிட்டது.

சம்பந்தி செய்ல்கான் வந்தார். தானியக் கிடங்கு வைத்திருப்பவர். சிரிப்பதையும் எடை போட்டுத்தான் சிரிப்பார். கூடவே அவர் மனைவி ஷோல்பான், ஊரிலுள்ள நகையெல்லாம் அணிந்து.

தட்டில் ஈரலும் ஆட்டு வால்கொழுப்பும் தயாராக இருந்தன. சம்பந்திகள் அதை ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்குமுன் அங்கியைப் போர்த்திவிடலாம் என்று ராபிகா எழுந்தாள்.

செய்ல்கானின் தோளில் அங்கி விழுந்ததும் ஷோல்பானின் கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் சாய்ந்தது. 'கண்டுபிடிச்சுட்டா' என்று நினைத்தாள் ராபிகா.

செய்ல்கான் உட்காரவில்லை. கழுத்துப் பட்டையை விரலால் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சம்பந்தி, இந்த அங்கி உங்க படங்கள்ல இருந்துச்சே. நேத்துகூட பாத்தேன். காலையில பாத்தா காணோம்?"

மெல்ஸின் முகம் மலர்ந்தது. "அந்த முப்பத்தெட்டாவது ஆள் நீங்கதானா?"

"நீங்க சும்மா இருங்க!" என்றாள் ராபிகா. "அது வந்து சம்பந்தி... இவருக்குப் பொழுது போகாம... நாங்க ஒண்ணும் பழசைத் தள்ளிவிடணும்னு..."

"தள்ளிவிடுவீங்கன்னு நம்பித்தானம்மா வந்தேன்."

யாருக்கும் புரியவில்லை.

"உங்க படத்தையெல்லாம் என் பையன் காட்டினான். சோடா டப்பாவைப் படமெடுக்கிறவனோட எனக்குச் சம்பந்தமான்னு சிரிச்சேன். அப்புறம் இந்தக் கொம்பு வந்துச்சு. அன்னிக்கே சம்மதம் சொல்லிட்டேன். அடுத்தவங்க கைக்குப் போன சீரைத் திருப்பிக் கேட்டா மானம் போயிடும். சம்பந்தி ஆனா, தானா தோள்ல வந்து விழும்ல?"

ராபிகா தர்காக்களை மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"எங்கம்மா இடக்கைக்காரி." அவர் விரல் அந்தக் கோணல் கொம்பின் மேலேயே நின்றது. "கடைசியா எனக்காகத் தைச்சது இது. ஒரு கொம்பு கோணலாப் போச்சேன்னு சாகிறவரைக்கும் சொல்லிட்டே இருந்தா. இத்தனை வீடு சுத்தி வந்திருக்கு, உங்களைத் தவிர ஒருத்தரும் அதைப் பாக்கல சம்பந்தி."

ஈரல் துண்டு ஒன்றை எடுத்து மெல்ஸின் வாயில் ஊட்டினார். மோல்திருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பிறகு செய்ல்கான் கையைத் துடைத்துக்கொண்டு, தேநீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த மனைவி பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"பூச்சி அரிச்சுப்போச்சு, அடுப்புல போட்டு எரிச்சுட்டேன்னு பதினோரு வருஷமா சொல்றியே ஷோல்பான்... முதல்ல எந்த வீட்டுச் சீர்ல வெச்சுக் குடுத்தே?"