மாப்பிள்ளை குடித்த தண்ணீர்

நூற்றுப் பதினெட்டு. மிஞ்சிப்போனால் நூற்றிருபது. ஒரு மாதமாகத் திரையில் எண் இதைத் தாண்டவில்லை. இன்றைக்கும் தாண்டவில்லை. அதுதான் அவளுக்கு உதைத்தது.

சாயப்பட்டறையின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் அவள் கெமிஸ்ட். தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் எரிந்து மூன்று நாளாகிறது. அழுக்கைத் தின்னும் கிருமிகள் மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருந்தன. நாற்றத்தில் நிற்க முடியவில்லை.

எண் மட்டும் அசையவில்லை.

வெளியே போகும் நீரில் எவ்வளவு அழுக்கு மிச்சம் என்று சொல்லும் எண் அது. கால்மணிக்கொரு தடவை மிஷின் ஒரு மெல்லிய குழாய் வழியே ஒரு வாய் உறிஞ்சி, அளந்து, தானாகவே அரசு அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். இருநூற்றைம்பதைத் தாண்டினால் அங்கே மணி அடிக்கும்.

வளாகத்திலேயே ஏசி அந்த மிஷின் அறையில் மட்டும்தான். அதனால் எல்லோருக்கும் அது 'மாப்பிள்ளை'.

மாப்பிள்ளைக்குப் பணிவிடை அவள் கணவன் வேலை. மிஷின் கம்பெனியிலிருந்து திங்கட்கிழமைதோறும் வந்து துடைத்துச் சரிபார்ப்பான். தினசரிச் சான்றிதழில் கையெழுத்து மட்டும் அவளுடையது. படித்தவள் கையெழுத்துக்குத்தான் மதிப்பு என்று அவன்தான் சொல்லிச் சொல்லிப் போட வைத்தான். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது.

மிஷின் கெட்டிருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் பழி அவன் தலையில்தான் விழும். அதற்குள் நாமே பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

வாய்க்காலில் கொஞ்சம் நீர் எடுத்து, ஆரஞ்சு நிற மருந்தில் கலந்து, இரண்டு மணி நேரம் சூடாக்கினாள். அழுக்கு அளவு மீறினால் மருந்து பச்சையாகிவிடும்.

குப்பி பாசி பிடித்தது போலப் பச்சையாக இருந்தது.

குழாயில் அடைப்பாக இருக்கலாம் என்று, சுவரோரமாக அதைத் தொடர்ந்து போனாள். வாய்க்கால் வரை போன குழாய் வாய்க்காலில் இறங்கவில்லை. சிமெண்ட் பலகைக்குப் பின்னால் வளைந்து ஒரு நீல வாளிக்குள் இறங்கியிருந்தது.

வாளி நிறையத் தெளிந்த தண்ணீர். வெறும் தண்ணீர் இல்லை. அதற்கு நூற்றுப் பதினெட்டு வராது. கழிவுநீரை அளந்து, பார்த்துப் பார்த்துக் கலந்திருந்தார்கள்.

முதலில் மேனேஜரைத்தான் மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

பிறகுதான் வாளியின் கைப்பிடியைக் கவனித்தாள். உடைந்த இடத்தில் பச்சைத் துணி சுற்றி, இரட்டை முடிச்சு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதக் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் பெயர், அவள் படிப்பு.

கழுத்தை நீட்ட வேண்டியது தான்தான் என்று தெரிந்தும், எழுந்து, குழாயை உருவி வாய்க்காலுக்குள் விட்டாள்.

கால்மணி நேரத்தில் கைபேசி அடித்தது. கணவன். அவன் போனிலும் அந்த எண் தெரியும்.

"நம்பர் எகிறுது. யாரு அந்தக் குழாயை வெளிய எடுத்தது?"

அவள் வாளிப் பக்கம் திரும்பினாள்.

"நம்ம பாத்ரூம் வாளி உடைஞ்சுபோச்சு, குப்பையில போட்டுட்டேன்னு போன மாசம் சொன்னீங்களே. உடையலீங்க. நான் துணி சுத்திக் கட்டினது இன்னும் அப்படியே நிக்குது."