ஊதாமூடியின் தாராள மனசு

ஒரு லேபில் ஊதாமூடி, சிவப்புமூடி என்று இரண்டு ரத்தக் குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஊதாமூடிக்கு இளகிய மனசு. ரத்தம் உறையாமல் இருக்க அதன் உட்புறத்தில், ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு பொட்டாசிய உப்பைப் பூசியிருந்தார்கள். சிவப்புமூடிக்குள் அப்படி எதுவும் கிடையாது.

அன்றைக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்த வைரவனுக்கு நரம்பே அகப்படவில்லை. குத்திக் குத்தி எடுத்ததில் ஊதாமூடி நிறைந்துவிட்டது. சிவப்புமூடிக்கு அடிமட்டத்துக்குத்தான் கிடைத்தது.

"இது பத்தாதே. மறுபடியும் குத்துவாங்க, பாவம்," என்றது சிவப்புமூடி.

"அந்த மனுஷனை இன்னும் எதுக்குடி படுத்தணும்? என்கிட்ட நிறையக் கிடக்கு, எடுத்துக்கோ."

ஊதாமூடி மூடியைத் தளர்த்தி, சாய்ந்து, தாராளமாக ஊற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அதற்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

சிவப்புமூடியைச் சோதித்த மெஷின் அலறியது. "பொட்டாசியம் எகிறிக் கிடக்கு! கால்சியம் மருந்துக்குக்கூட இல்லை! இந்த ஆள் இந்நேரம் செத்திருக்கணுமே!"

டெக்னீஷியன் ஜெசிந்தா வெளியே எட்டிப் பார்த்தாள். வைரவன் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் உள்ளே வாங்க. இன்னொரு தடவை குத்தணும்."

இரண்டு குழாய்களும் குப்பைத்தொட்டிக்குப் போயின. தொட்டிக்கு வெளியே வைரவன் "ஐயோ அம்மா!" என்று கத்துவது கேட்டது.

"நான் என்னடி தப்பு செஞ்சேன்? ரத்தம்தானே குடுத்தேன்!" என்று அழுதது ஊதாமூடி.

"ரத்தத்தை மட்டுமா குடுத்தே?" என்றது சிவப்புமூடி.