சந்தன சோப்பு

அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதே அக்கா செண்பகம் அவள் விரலில் கிடந்த கெம்புக்கல் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். வீங்கிய விரலில் அது அசையவில்லை.

“ஏட்டி ஆவுடை, சோப்பக் கொண்டா.”

ஆவுடைதான் கொண்டுவந்து கொடுத்தாள். நுரையோடு தோலும் உரிந்து மோதிரம் வந்தது. அம்மாவால் கத்த முடியவில்லை. சோப்பு கொண்டுவந்தவளையே பார்த்தபடி போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து சொந்தமெல்லாம் கிளம்பிய மதியம், செண்பகத்தின் விரல் கத்திரிக்காய் நிறத்தில் பொருமியிருந்தது. அதே மோதிரம் சதைக்குள் புதைந்து கல் மட்டும் தெரிந்தது. எண்ணெய்க்கும் அசையவில்லை.

“ஆசாரிகிட்டப் போயி வெட்டிருவமாக்கா?”

“வெட்டுனா கல்லு தெறிச்சிரும்ட்டி. அந்தச் சோப்ப எடுத்துட்டு வா, சீக்கிரம்!”

“இந்தா வாரேங்க்கா.”

ஆவுடை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். காய்ந்து வெடித்திருந்த சந்தன சோப்பில் அம்மாவின் நரைமுடி ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தெடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, சோப்பைக் கைகளில் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

“ஏட்டி, உள்ள என்னட்டி செய்யுத?” அக்கா அலறிக்கொண்டே கதவைத் தட்டினாள்.

சோப்பு இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.