அரை விநாடியில் எவன் வருவான்?

"அமுக்கிட்டே இருக்கேன், திறக்க மாட்டேங்குதே! ஏம்மா, லேப்டாப்பை எடுத்துட்டு ஓடி வா!"

டீம் லீடர் காலை மாற்றி மாற்றி நின்றபடி கதவுப் பூட்டின் பட்டனைக் குத்திக்கொண்டிருந்தார்.

அவர்கள் கம்பெனி புதிதாகச் செய்த மின்பூட்டு. பேட்டரியை மிச்சம் பிடிக்க, பத்து விநாடி சும்மா இருந்தால் தானே தூங்கிவிடும். பட்டனை அமுக்கினால் விழித்துத் திறக்கும். ஆபீசிலேயே அதிகம் திறந்து மூடும் கதவு இதுதான் என்று, சோதனைக்காக அவரேதான் இங்கே மாட்டச் சொன்னார்.

பூட்டுக்கு புரோகிராம் எழுதிய இளம் இன்ஜினியர் நிதானமாக வந்து தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். பூட்டில் கேபிளைச் சொருகித் திரையைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சார், இது தூங்கப் போற அந்த அரை விநாடியில பார்த்து அமுக்கியிருக்கீங்க. 'எந்திரி'ங்கிற சிக்னல், அதான் இன்டரப்ட், வந்திருக்கு, காதுல வாங்காமலே படுத்துருச்சு. அதுக்குப் பதில் சொல்லாம அடுத்ததை எடுத்துக்காது. இனி நாள் பூரா அமுக்கினாலும் எந்திரிக்காது."

"சரி, எழுப்பு!"

"அந்த நேரத்துல யாராவது கூப்பிட்டா, தூக்கத்தை விட்டுட்டுக் கதவைத் திறன்னு புரோகிராம்ல பதினோரு வரி எழுதியிருந்தேனே. நேத்து மீட்டிங்ல என்ன சொன்னீங்க?"

"இப்ப எதுக்கும்மா அது?" நெற்றியெல்லாம் வியர்வை.

"'வீட்டுலயே முதல் டிகிரி, அதான் படிச்சதையெல்லாம் எழுதிட்டு வருது. அரை விநாடியில எவன் வருவான்?'னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. பதினோரு வரியையும் வெட்டிட்டீங்க. இன்னிக்குச் சாயங்காலம் புரோகிராம் அது இல்லாமலே ஃபேக்டரிக்குப் போகுது."

"எவன் வருவானா? நான்தான் வந்தேன்! போதுமா?"

"போதாது. டீம் மொத்தத்துக்கும் மெயில் போடுங்க."

முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, குனிந்து, அவள் லேப்டாப்பிலேயே தட்டினார்: 'அந்தப் பதினோரு வரிதான் சரி. வெட்டியது என் தவறு. அதைச் சேர்த்துத்தான் ஃபேக்டரிக்கு அனுப்ப வேண்டும்.'

"தவறுக்கு முன்னாடி 'பெரிய'ன்னு ஒரு வார்த்தை சேர்த்தா நல்லாருக்கும் சார்."

"சேர்த்தாச்சு! அனுப்பியாச்சு!"

தன் பதினோரு வரிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஆசை தீரப் பார்த்து, பூட்டில் ஏற்றினாள்.

"ரொம்ப வேர்க்குதே சார், தண்ணி வேணுமா?"

"தண்ணின்னு மட்டும் சொல்லாதே தாயே!"

கதவு க்ளிக்கென்று திறந்தது. அவர் பாய்ந்து உள்ளே போய் அறைந்து சாத்திய வேகத்தில், கதவில் தொங்கிய 'ஆண்கள் கழிப்பறை' பலகை நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.